கல்லூரியில் பெரட்டு

காலையில் மகளைத் தோட்டத்துப் பிள்ளைகளின் காப்பகமான ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் காருக்குத் திரும்பும் அந்தச் சின்னத் தூரத்தில் எனக்கு எத்தனையோ சந்தேகங்கள் வந்துவிடும். உள்ளே இன்னொரு சட்டை போட்டிருக்கலாமோ. நெஞ்சில் தைலம் தேய்த்தது போதுமோ. பனி இறங்கியிருக்கும் நாட்களில் அவளுக்கு மூச்சு இழுக்கும். ஆயாவிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பேன். இருந்தாலும் திரும்பிப் போய் இன்னொரு முறை சொல்லலாமோ என்று நிற்பேன். ஆயாவுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"போ மா, போ. ஊர்ப் பிள்ளைங்கள எப்படி வளக்குறதுன்னு காலேஜ்ல பாடம் நடத்துறவ நீ. ஒன் பிள்ளைய நான் பாத்துக்க மாட்டனா?"

அவர் கேலி செய்தாலும் சொன்னது உண்மைதான். இந்த மலைமேல், பிரிஞ்சாங் டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் கிளை இருக்கிறது. அதில் பாலர் கல்வி டிப்ளோமா வகுப்புக்கு நான் விரிவுரையாளர். தாயைப் பிரியும் குழந்தையின் அழுகை பற்றி மட்டும் ஒரு வாரம் முழுக்கப் பாடம் நடத்துவேன். என் மகள் அழும்போது அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட எனக்கு உதவியதில்லை.

ஆயாக் கொட்டகைக்கு எதிரில்தான் பெரட்டுக் களம். விடியும்போது தேயிலைத் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரிப்பதைத்தான் இங்கே பெரட்டு என்கிறோம். இப்போது அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் ஆட்கள் ஓரமாகக் கொஞ்சம் பேர். என் அம்மா அந்தக் களத்தில் பல வருடம் நின்றவர். பெரட்டு முடிந்த பிறகு வந்தால் கங்காணி பேர் எழுத மாட்டார். "திரும்பிப் போ" என்பார். அன்றைக்கு வேலை கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு காலையில் அம்மா அப்படித் திரும்பி வந்தார். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்ற வைத்தார். அவருக்குக் கோபம் என் மேலா, கங்காணி மேலா என்று எனக்கு அன்று புரியவில்லை.

எங்கள் கல்லூரி கடை வீட்டு வரிசையில் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே மருந்துக் கடை ஒன்றும், சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்ட்ராபெரி பொம்மை விற்கும் கடை ஒன்றும். இரண்டுக்கும் நடுவே இரும்புக் கம்பிக் கதவு போட்ட மாடிப்படி. பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் அந்தப் படியைப் பார்த்தால் இதுவா கல்லூரி என்று கேட்பார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், கோலா தெர்லா, லெம்பா பெர்த்தாம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களின் பிள்ளைகளுக்கும், மலை இறங்காமல் ஒரு டிப்ளோமா வாங்க அந்தப் படி ஒன்றுதான் வழி. காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். பல பெற்றோர் அதற்காகவே அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்து லயத்துப் பெண், அடுத்த வரிசை வீடுகளில் இருப்பவள், அவர்களில் ஒருத்தி. கடைசி செமஸ்டரில் இருந்தாள். தினமும் என் காரில்தான் வருவாள். பழைய காலுறைகளை வெட்டித் தைத்து விரல் பொம்மைகள் செய்து மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அவற்றுக்குக் குரல் கொடுத்துப் பழகிக்கொண்டே வருவாள். அவளுடைய அக்கா முன்பு கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவள். அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அதிலிருந்து அவர்கள் அம்மாவுக்குக் "கீழே" என்ற சொல்லே ஆகாது. எங்களுக்கு ஈப்போவும் கீழேதான், கோலாலம்பூரும் கீழேதான்.

"ஒன்கூட போறா, ஒன்கூட வரா. அதான் படிக்க விட்டேன்" என்று அந்த அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். பெருமையாகச் சொன்னாரா எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு.

இந்த டிப்ளோமாவை நடத்த ஒரு விதி இருக்கிறது. தகுதியுள்ள முழுநேர விரிவுரையாளர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும். எங்களிடம் அந்த எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒருவர்கூட மிச்சமில்லை. இன்னும் ஒருவர் போய்விட்டால், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஈப்போவில் இருக்கும் தலைமைக் கல்லூரிக்கு மாற்றிவிடுவோம் என்று அங்கிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஈப்போ என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் பக்கத்து லயத்துப் பெண் போகமாட்டாள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். காரில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

விரிவுரையாளர்கள் எங்களிடம் தங்குவதில்லை. கீழேயிருந்து வருவார்கள், குளிர் புதிதாக இருக்கும்போது படம் எடுத்துப் போடுவார்கள், ஒரு வருட அனுபவம் சேர்ந்ததும் போய்விடுவார்கள். பிரின்சிபல் சாருக்கு இந்தக் கவலையில் வயிற்றுப் புண்ணே வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. எல்லாருடைய பிறந்த நாளும் அவருக்கு நினைவிருக்கும். எனக்குப் பிரசவமானபோது மலை வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்.

ஒரு நாள் என்னை அறைக்கு அழைத்தார்.

"நீங்க இந்த ஊர் ஆளு மா. நீங்க போக மாட்டீங்க. மத்தவங்கள எப்படிப் பிடிச்சி வெக்கிறது, சொல்லுங்க."

நீங்கள் போகமாட்டீர்கள் என்று அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்கு எங்கோ தைத்தது. ஆனால் கேட்டாரே என்று பதில் சொன்னேன். இங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள். பின்புறம் பழைய நாற்காலி போட்டிருக்கும் அறையைச் சுத்தம் செய்து கொடுத்தால், பால் கொடுக்கவும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் கூட வைத்துக்கொள்ளவும் ஆகும். சாயங்காலம் எழுதும் அறிக்கைகளைக் குறைக்கலாம். விடுமுறை வாரங்களில் ரோடு அடைத்துக்கொள்ளும்போது முதல் வகுப்பைத் தள்ளி வைக்கலாம்.

சார் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இதெல்லாம் வசதி மா. நான் கேக்குறது மனசு. கொமிட்மென்ட். அது எங்கேருந்து வரும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதம் ஈப்போவில் நிர்வாகிகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அதிலிருந்து சார் ஒரு தெளிவோடு திரும்பி வந்தார். எங்கள் எல்லாரையும் வரவேற்பறையில் வட்டமாக நிற்க வைத்து, இனிமேல் தினமும் காலையில் இப்படி நிற்போம் என்றார். மலாயில் ஒரு உறுதிமொழி. பிறகு கைதட்டல். பிறகு ஒருவர், இன்று நான் கல்லூரிக்கு எதைக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். உடனிருந்த மலாய் ஆசிரியையும் சீன ஆசிரியரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பயிற்சியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்துவது அவருடைய சொந்த யோசனை. அதை என்னிடம் தனியாகத் தமிழில் சொன்னார்.

"நான் ரப்பர் தோட்டத்துப் பிள்ள மா. எங்கப்பா காய்ச்சலோட பெரட்டுக்கு நிப்பாரு. பின்னால வந்தா பேரு கெடையாது, நேரா வீட்டுக்குத்தான். அதனாலயே ஒருத்தனும் பின்னால வரமாட்டான். அந்த மாதிரி ஜனங்கள இப்பப் பாக்க முடியுமா? எட்டு மணிக்கு கதவ சாத்திடுவோம். வரலியா, அன்னிக்கு லீவுல போவட்டும். ரெண்டு வாரத்துல பாருங்க, எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி ஆயிடுவாங்க."

அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. அப்பாவை நினைத்திருப்பார். அவர் பெரட்டை வெளியில் நின்று பார்த்த பிள்ளை. அவருடைய அப்பா நின்றது வைராக்கியத்தால் என்று அவர் நம்பினார். என் அம்மா நின்றது வேறு வழி இல்லாததால் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை அவருடைய அப்பா உண்மையிலேயே வைராக்கியக்காரராக இருந்திருக்கலாம். அப்படி யோசித்தே நான் எதிர்த்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

சாவி என்னிடம் வந்தது. தோட்டத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி முதலில் வந்து சேர்கிறவள் நான்தான். தினமும் எட்டு மணிக்குப் படி இறங்கிப் போய் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து வட்டத்தில் நிற்பேன்.

கோலா தெர்லாவிலிருந்து வரும் ஒரு அக்கா எங்களோடு வேலை செய்தார். அவர் வீட்டுக்காரர் பூ பயிர் செய்கிறவர். எங்கள் எல்லாரையும்விட அக்காவுக்குத்தான் அனுபவம் அதிகம். பிள்ளைகளைப் பாலர் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பி, கூடவே போய் மூலையில் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகத் திருத்தம் சொல்லுகிறவர். விரல் பொம்மையைப் பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் பழக்கியது அவர்தான். அவர் வாயிலிருந்து தப்பியவர்கள் யாரும் இல்லை. சாருக்கு அன்றிலிருந்து "தொரை" என்று பேர் வைத்துவிட்டார். எனக்கும் ஒரு பேர் கிடைத்தது.

"என்னா கங்காணியம்மா, இன்னிக்கு எந்த மலைக்குப் போகணும் நானு?" என்று ஓடி வந்து படியேறுவார்.

அவருடைய முறை வந்த அன்று வட்டத்தில் நின்று, "இன்னிக்கு நான் காலேஜுக்கு என் முட்டி வலியக் குடுக்குறேன்" என்று மலாயில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். ஆனால் கைதட்டவில்லை.

அந்தக் கதவு உண்மையில் வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் ஒருவரும் பிந்தி வரவில்லை. ஈப்போவிலிருந்து பாராட்டிச் செய்தி அனுப்பினார்கள். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஆசிரியர்கள், வேலை முடியும் நேரம் வந்ததும் பையைத் தூக்கத் தொடங்கினார்கள். மலாய் ஆசிரியை மத்தியான நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக் கொடுப்பார். அதையும் நிறுத்திவிட்டார். நேரத்துக்கு வந்தோம், நேரத்துக்குப் போகிறோம், கணக்கு சரி என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. நானும் அப்படித்தான். மகளைச் சீக்கிரம் பார்க்கலாம் என்று எனக்கு அது பிடித்தும் இருந்தது.

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று ரோடு முழுக்க வெளியூர்க் கார்கள். நானும் பக்கத்து லயத்துப் பெண்ணும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டோம். கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. காய்கறி லோரி ஒன்று வளைவில் நின்றுவிட்டது, பயங்கர ஜேம், நடந்து வருகிறேன், சாரிடம் சொல்.

சாரிடம் காட்டினேன். படித்தார். மற்றவர்கள் வட்டத்தில் தயாராக நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாரும் கவனித்தார்.

"இன்னிக்கு ஒருத்தருக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாருக்கும் லோரி நிக்கும் மா."

"நடந்து வராங்க சார்."

"தெரியுது. சாத்துங்க."

நான் படியில் நின்றுகொண்டு, பூட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். சார் இறங்கி வந்தார். என் கையிலிருந்து சாவியை மெதுவாக வாங்கி, தானே சாத்தினார். "நீங்க பாவம்" என்றார். நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார்.

நாங்கள் மேலே ஏறுவதற்குள் அக்கா வந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, அந்தக் குளிரிலும். தோளில் பெரிய பை. அன்று பிள்ளைகளுக்குப் பயிற்சித் தேர்வு, அதற்கு வேண்டிய பொம்மைகள் பைக்குள் இருந்தன. மருந்துக் கடைக்காரர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். பொம்மைக் கடையில் இரண்டு பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"தொறங்க சார். நடந்து வந்துருக்கேன் லா."

"ரூல் ஒங்களுக்கும் தெரியும். இன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு வாங்க. கோவம் ஒண்ணும் இல்ல."

"எனக்கு இன்னிக்கு டெஸ்ட் இருக்கு சார்."

"நான் பாத்துக்குறேன்."

அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார். பிறகு சாரை. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையைக் கீழே வைத்து, பொம்மைகளைக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார்.

"ஆமை கழுத்து லேசா பிஞ்சி இருக்கு. பாத்து எடு."

அவ்வளவுதான். திரும்பி, நின்றுகொண்டிருந்த கார்களுக்கு நடுவே நடந்து போனார். அன்று மாலையே ராஜினாமாச் செய்தி வந்துவிட்டது. இரண்டே வரி, நன்றியோடு.

சார் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் சின்ன வயதில் பார்த்த பெரட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுநாள் வந்து முன்னால் நிற்பார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்ததில்லை. அக்காவுக்கு இருந்தது. இரண்டு நாள் சார் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, நேரில் போய்ப் பேசிப் பார்க்கச் சொன்னார். கதவை எடுத்துவிடுகிறேன், வட்டத்தையே நிறுத்திவிடுகிறேன், என்ன வேண்டுமோ கேட்கச் சொல் என்றார். பழைய நாற்காலி அறையைக்கூடக் காலி செய்து தருவதாகச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனேன். பக்கத்து லயத்துப் பெண்ணும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவளைக் காட்டிக் கெஞ்சுவது போலாகிவிடும் என்று எனக்கு அப்போது தோன்றியது. கூட்டிப் போயிருக்கலாமோ என்று பிறகு பல நாள் யோசித்தேன்.

அக்கா பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பூக்களைக் கட்டுக் கட்டாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். என் மகளை வாங்கிக் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார வைத்து, கையில் ஒரு பூவைக் கொடுத்தார்.

"தொரை அனுப்பிச்சாரா?"

"ஆமாக்கா. கதவ எடுத்துர்றேன்னு சொல்லிட்டாரு."

"கதவுக்காகப் போகல லா. எங்க மாமியா போடாத கதவா?"

"அப்புறம் என்னாக்கா. சம்பளம் ஏத்திக் கேக்கவா?"

அக்கா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"அன்னிக்கு திரும்பி நடந்தேன்ல. அழுவ வரும்னு நெனச்சேன். வரல. லேசா இருந்துச்சி புள்ள. டெஸ்ட் இருக்கு, பிள்ளைங்க காத்துட்டு இருக்கும், எல்லாம் தெரியுது, ஆனா எனக்கு லேசா இருக்கு. அதான் பயமாப் போச்சு. இத்தன வருசம் அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் வரேன்னு நெனச்சிட்டு இருந்தேன். அந்த எடத்துல நின்னு பாத்தா, உள்ள ஒண்ணுமே இல்ல. எப்பப் போச்சுன்னு தெரியல."

"பக்கத்து லயத்துப் பிள்ள, கடைசி செமஸ்டர் அக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"தெரியும்."

"அவங்கம்மா ஈப்போக்கு அனுப்ப மாட்டாங்க."

"தெரியும்னு சொல்றேன்ல."

அவர் குரல் உடைந்தது. பூக்கட்டைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். பிறகு, பழைய கேலியோடு கேட்க முயன்றார்.

"நீ ஏன் நிக்கிற? மெய்யாச் சொல்லு கங்காணி. மனசா, இல்ல போறதுக்கு எடம் இல்லியா?"

என் கணவர் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. வீடு தோட்டத்து வீடு. மகளுக்கு ஆயாக் கொட்டகை இருக்கிறது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ எனக்கு வேலை கிடைத்தாலும் போக முடியாது. வகுப்பில் நிற்கும்போது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. பிள்ளைகள் முகம்தான் தெரியும். அதுதான் மனசு என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போக வழி இருக்கும்போதும் அந்த முகங்கள் எனக்குத் தெரியுமா என்பதை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. மகள் பூவைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டாள். இருவரும் பதறி அதை எடுத்தோம். அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா ஒரு கட்டுப் பூவைக் கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை அதைச் சாருடைய மேசையில் வைத்தேன். கேட்காமலேயே அவருக்குப் புரிந்தது.

பிள்ளைகளை மாற்றுவதென்று ஈப்போவில் முடிவு செய்துவிட்டார்கள். வகுப்பைக் கூட்டி வைத்து அறிவித்த அன்று பக்கத்து லயத்துப் பெண் காரில் திரும்பும்போது பொம்மைகளை வெளியே எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஹாஸ்டல்ல வார்டன் இருக்காங்கக்கா. பொம்பளப் பிள்ளைங்க மட்டும்தான். நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரேன்."

"நீ அங்க இருப்பியா?"

"நான் இங்க அக்கா. ஆனா அடிக்கடி போய்ப் பாத்துட்டு வரேன்."

"மூத்தவளயும் ஒருத்தி இப்படித்தான் பாத்துக்குறேன்னு சொன்னா. நல்ல பொம்பளதான் அவளும்." துணியை மடித்து அடுக்கினார். "நீ என்ன சொன்ன அன்னிக்கு? ஒன்கூட போவா, ஒன்கூட வருவான்னுதானே சொன்ன."

அந்த வார்த்தையை அவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. திருத்த நினைத்தேன். ஆனால் அவர் சொன்னபோது நான் தலையாட்டியிருப்பேன், அது ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும் என்று பட்டது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வாதாடினேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. எனக்கு ஒரு கோப்பை மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மற்ற பிள்ளைகளில் பலர் ஈப்போவுக்குப் போனார்கள். அவள் போகவில்லை. சார் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஈப்போவுக்கு எவ்வளவோ எழுதிப் பார்த்தார். கடைசி செமஸ்டரை இங்கேயே முடிக்க விடுங்கள், நானே வகுப்பு எடுக்கிறேன் என்று கேட்டார். விதி என்று பதில் வந்தது.

வருடக் கடைசியில் ஊழியர்களுக்கு ஒரு விருந்து, டவுனில் ஒரு ஹோட்டலில், மத்தியானச் சாப்பாட்டோடு. ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து, ஈடுபாட்டோடு பணியாற்றிய ஊழியர் என்று என் பேரைக் கூப்பிட்டார். ஒரு நாள்கூடக் கதவு சாத்திய பிறகு வராதவள் என்றார். அது உண்மை. கதவைச் சாத்தியவளே நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிஸ்கட்டும் மைலோவும் அடுக்கி, ரிப்பன் கட்டிய ஒரு கூடை கொடுத்தார்கள். படம் எடுக்கும்போது சார் பக்கத்தில் நின்றார்.

"நீங்க ஒருத்தர்தான் மா நின்னீங்க" என்றார். வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

டிப்ளோமா போன பிறகு கல்லூரியில் சில குறுகியகால வகுப்புகள் நடக்கின்றன. நான் அவற்றை நடத்துகிறேன். வட்டமும் கதவும் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிடுவதாகச் சொன்னதை யாரும் சாருக்கு நினைவுபடுத்தவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

புது வருடம் பிறந்து தோட்டம் திறந்த அன்று மகளை ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆயாவுக்கு வயதாகிவிட்டதால் ஒரு உதவி ஆள் போட்டிருக்கிறார்கள் என்று கணவர் சொல்லியிருந்தார். யாரென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் பக்கத்து லயத்துப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்தில் கொடுத்த நீல ஏப்ரன் போட்டிருந்தாள்.

மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். அந்தப் பெண் தூக்க வரவில்லை. முதலில் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்தாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு விரல் பொம்மையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கழுத்து பிய்ந்து, மறுபடி தைத்த ஆமை. "அம்மா வேலைக்குப் போறாங்க. சாயங்காலம் வந்துருவாங்க" என்று ஆமை சொன்னது. பொய் சொல்லக் கூடாது, ஒளிந்து போகக் கூடாது, எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நானும் அக்காவும் சொல்லிக் கொடுத்தது. மகளின் அழுகை கொஞ்சம் குறைந்தது. கையை நீட்டினாள்.

தைலம் தேய்த்ததை, மூச்சு இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எதிரே களத்தில் பேர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"கெளம்புங்க மிஸ்" என்றாள். "திரும்பிப் பாத்தா இன்னும் அழுவா."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். காரில் ஏறியதும் பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். பனி இன்னும் கலையவில்லை. எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.